பதினாலாவது ஆள்

போன மாதம் என் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போயிருந்தேன். ஏழெட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ராகிங் செய்ய மாட்டாள், வகுப்பில் செல்போனை எடுக்க மாட்டாள், வருகைப் பதிவு குறைந்தால் சண்டைக்கு வர மாட்டோம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுதிமொழி. ஐந்தாவதோ ஆறாவதோ, என் மகள் எந்த ஆர்ப்பாட்டத்திலும் மறியலிலும் உண்ணாவிரதத்திலும் கலந்துகொள்ள மாட்டாள் என்றும், மீறிக் கலந்துகொண்டால் நிர்வாகம் எடுக்கும் முடிவுக்குப் பெற்றவனாகிய நான் கட்டுப்படுவேன் என்றும் ஒரு தாள். கவுன்டரில் இருந்த பெண், கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வேண்டும் என்று ஊதா மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவனிடம் ரேகை எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இந்த வயதில் நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

அந்த மைக்கு ஒரு வாசனை உண்டு. பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் காயவைத்த மாதிரி. விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள், "நீ இதுக்குலாம் போயிருக்கியாப்பா? மறியல், கிறியல்?" "சேச்சே" என்றேன். சட்டப்படி அது உண்மைதான். என் பெயரில் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் எந்தக் காகிதமும் கிடையாது. அது எப்படி இல்லாமல் போனது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாததை வேறு எங்காவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

மை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் டைரி அண்ணன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், நாங்கள் கல்லூரியில் படித்தபோது, எங்களைக் கண்காணிக்கப் போலீசிலிருந்து மஃப்டியில் ஒருவர் வருவார். ரகசியப் போலீஸ்தான், ஆனால் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. டீக்கடைக்காரர் அவருக்குச் சர்க்கரை கம்மியாகப் போடுவார். நாங்கள் கோஷம் போடும்போது முன்வரிசையில் நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். வேகமாகப் போட்டால் கை ஓடாது. "தம்பி, அந்த ரெண்டாவது லைன் இன்னா? மெதுவா சொல்லு" என்பார். நாங்களும் நிறுத்திச் சொல்லுவோம். எங்கள் பெயர், அப்பா பெயர், இனிஷியல் எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். எனக்கு எழுத்துப் பிழை பிடிக்காது என்பதால் என் பெயரை இங்கிலீஷில் எப்படி எழுத வேண்டும் என்று நானே அவருக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். சரித்திரத்தில் என் பெயர் தப்பாகப் பதிவாகிவிடக் கூடாதே என்கிற கவலை. தாடி வளர்த்துப் பார்த்தேன், கன்னத்தில் ஓரிடத்தில் வந்தது, இன்னோரிடத்தில் வரவில்லை. ஆனாலும் தலைவன் என்கிற நினைப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அந்தக் காலத்து மறியலுக்கு என்று ஒரு நடைமுறை இருந்தது. முதல் நாளே போலீசுக்குத் தெரியும். எத்தனை பேர் உட்காருவோம் என்று டைரி அண்ணன் வாயிலாகக் கேட்டு அனுப்புவார்கள், அதற்குத் தகுந்த வண்டி வர வேண்டும் அல்லவா. பத்து மணிக்கு உட்காருவோம். பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் வந்து கலையச் சொல்லுவார். கலைய மாட்டோம். கையைக் காலைப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றுவார்கள். போலீஸ்காரர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள், "கால்ல அடி படாம ஏறுடா" என்று சொல்லித்தான் ஏற்றுவார்கள். நேராக ஒரு கல்யாண மண்டபம். மத்தியானம் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எண்ணிப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேஸ் என்று ஒன்றும் எழுத மாட்டார்கள். நாங்கள் சிறைக்குப் போய் வந்தவர்கள் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறுவோம்.

இதோடு எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு தந்திரமும் இருந்தது. புதுச்சேரி வரைபடத்தை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். கையில் நொறுங்கிய அப்பளம் மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கும், நடுநடுவே தமிழ்நாடு. பாகூரிலிருந்து பஸ்ஸில் டவுனுக்குப் போவதற்குள் மாநிலம் மாறி மாறி வரும். சாராயக் கடை வந்தால் நம்ம ஊர், கடை இல்லாவிட்டால் அவங்க ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்கு விளையாட்டாகச் சொல்லுவோம். சிவப்புத் தொப்பி வைத்த எங்கள் போலீஸ் அந்தப் பக்கம் கால் வைக்காது. அந்தப் பக்கத்துப் போலீஸ் இங்கே வராது. கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒரு மதகு, அதை ஒட்டிச் சாலையில் தார் நிறம் மாறும். இந்தப் பக்கம் கறுத்த புதுத் தார், அந்தப் பக்கம் சாம்பல் பூத்த பழைய தார். குறுக்கே கோடு போட்டது போலத் தெளிவாகத் தெரியும். இந்த அரசாங்கம் போட்ட ரோடு இதோடு சரி, அதற்கப்பால் அந்த அரசாங்கத்து ரோடு. சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் சொல்லும்.

அந்தக் கோட்டின் மேல்தான் நாங்கள் இரண்டு தடவை மறியல் செய்தோம். யோசனை என்னுடையது. சிவப்புத் தொப்பிகள் வந்தால் எழுந்து நாலடி தள்ளிப் பழைய தாரில் உட்கார்ந்துகொள்வோம். அவர்கள் கோட்டோடு நின்றுவிடுவார்கள். "இந்தப் பக்கம் வாங்கடா, பேசிக்கலாம்" என்று கூப்பிடுவார்கள். அந்தப் பக்கத்துப் போலீசுக்குத் தகவல் போய், அவர்கள் எங்கோ தூரத்திலிருந்து ஜீப்பில் வந்து சேர்வதற்குள் மறுபடி புதுத் தாருக்கு வந்துவிடுவோம். இதற்குள் மணி இரண்டாகிவிடும், இரண்டு பக்கமும் லாரி நின்றிருக்கும், செய்தி பேப்பருக்குப் போயிருக்கும். அடி இல்லை, கைதும் இல்லை. எனக்குக் கல்லூரியில் பெரிய பெயர். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மறியல் பஸ்ஸுக்காக. செலியமேட்டிலிருந்து பாகூர், கரிக்கலாம்பாக்கம் வழியாகக் காலை ஏழே முக்காலுக்கு டவுனுக்கு ஒரு ஸ்டூடன்ட் பஸ் வரும். டிரைவர் இல்லை என்று காரணம் சொல்லித் திடீரென்று அதை நிறுத்திவிட்டார்கள். ஆம்பளைப் பிள்ளைகள் தனியார் பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு வந்தோம். பெண்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு வீடாகப் படிப்பை நிறுத்த ஆரம்பித்தார்கள். லூர்துவின் தங்கை ஸ்டெல்லாவையும் அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடுவதாக அவர்கள் வீட்டில் முடிவாகியிருந்தது.

லூர்து யாரென்று சொல்லவில்லையே. என் வகுப்பு, என் பெஞ்சு. அவன் குடும்பம் வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் ஊரிலிருந்து கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்து குடியேறியது. அப்பா கழனி வேலை. நான் மூன்று வருடமும் கல்லூரி விட்டு வரும் வழியில் அவன் வீட்டில்தான் சோறு தின்றேன், தொடாத என் டிபன் பாக்ஸை அவன் அம்மா மாட்டுக்கு வைப்பார்கள், அந்த லட்சணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையல். லூர்துவுக்கு ஒரே ஆசை, போலீஸ் ஆவது. அதிகாரி அல்ல, சாதாரணக் கான்ஸ்டபிள். அந்தச் சிவப்புத் தொப்பியின் மேல் அவனுக்கு அப்படி ஒரு மோகம். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவான். மார்பு அளவு அரை அங்குலம் குறைகிறது என்று தண்டால் எடுப்பான். ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று அந்த வருடம் ஊரெல்லாம் பேச்சு.

அதனால் அவன் எந்த மறியலுக்கும் வர மாட்டான். நாங்கள் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்வோம். அவன் கோபப்பட மாட்டான். "உக்காருங்கடா நீங்க. நான் தூரமா நின்னு உங்களுக்காவ ஜெபம் பண்றன்" என்பான். தங்கை படிப்பு போகிற விஷயத்திலும் அவன் வரவில்லை. ஸ்டெல்லாதான் வந்தாள். அண்ணன்காரன் வீட்டிலேயே இருந்தான், நானும் அதுதான் சரி என்று அவனிடம் சொன்னேன். ஒரு கேஸ் விழுந்தால் உன் வாழ்க்கையே போய்விடும் என்று நானே சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் ஒரு நாளும் சொல்லிக்கொள்ள முடியாதபடி, எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அன்று காலை கோட்டின் மேல் உட்கார்ந்தோம். பெண்களையும் சேர்த்து நாற்பது பேருக்கு மேல். இன்ஸ்பெக்டர் புதியவர், எங்கள் நடைமுறை எதுவும் அவருக்குத் தெரியாது. வந்தார், நாங்கள் பழைய தாருக்கு நகர்ந்தோம். அந்தப் பக்கத்து ஜீப் வந்தது, புதுத் தாருக்கு நகர்ந்தோம். புதியவர் விடவில்லை. அந்தப் பக்கத்து எஸ்.ஐ.யிடம் போய், ரோட்டில் பாதி உங்களுடையது, நீங்கள் பிடியுங்கள் என்றார். அவர், உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் உங்கள் ஊர்ப் பிள்ளைகள், நீங்களே பிடியுங்கள் என்றார். யாருக்கும் நாங்கள் வேண்டாதவர்களாக இருந்தோம். ஒரு மணி நேரம் இரண்டு மாநிலமும் எங்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தன. நாங்கள் கை தட்டிச் சிரித்தோம். லாரிக்காரர்களும் இறங்கி வந்து சிரித்தார்கள்.

கடைசியில் அந்தப் பக்கத்து எஸ்.ஐ. சர்வேயரைக் கூட்டிவரச் சொன்னார். மெலிந்த மனிதர், வாய் நிறைய வெற்றிலை. ஜீப் பானட்டின் மேல் வரைபடத்தை விரித்தார். மதகைப் பார்த்தார், ஒரு கிணற்றைப் பார்த்தார், பழைய தாரின் மேல் தெற்கே நடந்து போனார். போய்க்கொண்டே இருந்தார். ஒரு பர்லாங்கு தள்ளி ஒரு பனைமரத்தடியில் முள்ளை விலக்கி ஒரு கல்லைக் காட்டினார். அதுதான் எல்லை. தார் நிறம் மாறுகிற இடத்துக்கும் எல்லைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எந்த வருடமோ ரோடு போட்ட கான்ட்ராக்டர் ஜல்லி தீர்ந்து அங்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். நாங்கள் புதுச்சேரியிலிருந்து எழுந்து புதுச்சேரியிலேயே உட்கார்ந்துகொண்டிருந்திருக்கிறோம். போலீசும் இரண்டு தடவையும் தங்கள் சொந்த இடத்துக்குள் கால் வைக்காமல் நின்றிருக்கிறது. இப்படி ஒரு முட்டாள்தனம் வேறு எந்த ஊரிலாவது நடக்குமா, சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்து எஸ்.ஐ. எங்கள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு ஜீப் ஏறிப் போனார். அந்தச் சல்யூட்தான் எங்களைக் கெடுத்தது. புதிய இன்ஸ்பெக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. பெண் போலீஸ் வராததால் பெண்களை விரட்டிவிட்டார்கள். பையன்களில் ஓடியவர்கள் போக முன்வரிசையில் இருந்த பதினாலு பேரைப் பிடித்தார்கள். கால்ல அடி படாம ஏறுடா என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. லத்தியின் வலி எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன், அடித்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் முதுகுப் பக்கம் இரண்டாகக் கிழிந்தது. நான் கையை உதறினேன், ஒரு கான்ஸ்டபிளின் சிவப்புத் தொப்பி பறந்து மதகுத் தண்ணீரில் விழுந்தது. அது மிதந்து போவதைப் பார்த்து நான் சிரித்தேன். அடியும் வாங்கிக்கொண்டு எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

மண்டபம் அதே மண்டபம்தான். முந்தின நாள் கல்யாணத்தின் சந்தன வாசனையும் ஊசிப்போன சாம்பார் வாசனையும் அப்படியே இருந்தன. எலுமிச்சைச் சோறு வரவில்லை. ஸ்டேஷனில் கேஸ் எழுதுகிற ரைட்டர் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இதே மாதிரி ஓர் ஊதா மைப்பெட்டி. சட்டவிரோதமாகக் கூடியது, போக்குவரத்தை மறித்தது, அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தது. கடைசியாகச் சொன்னது பதினாலாவது ஆளுக்கு மட்டும், தொப்பியைத் தட்டிவிட்டதற்காக. பதினாலாவது ஆள் நான். விவரமெல்லாம் எழுதியாயிற்று, பெயரும் கையெழுத்தும் ரேகையும்தான் பாக்கி.

நாலு மணிக்கு என் பெரியப்பா வந்தார். கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எது ஆளுகிறதோ அது. இன்ஸ்பெக்டரைத் தனியாகக் கூட்டிப்போய் அரைமணி நேரம் பேசினார். திரும்பி வந்து என்னை எழுந்திருக்கச் சொன்னார். நானும் எழுந்தேன். மற்ற பதின்மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. அப்போதுதான் ரைட்டர் ஒரு சிக்கலைச் சொன்னார். பதினாலு பேர் என்று வயர்லெஸ்ஸில் மேலே சொல்லியாகிவிட்டது.

"எழுதனத அடிக்க முடியாதுங்க. ஒரு தல குறையுது. நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் லூர்து நின்றுகொண்டிருந்தான். ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் என் சட்டை கிழிந்ததைச் சொல்லியிருக்கிறாள். கிழிந்த சட்டையோடு நான் எப்படி பஸ்ஸில் போவேன் என்று தன்னுடைய நல்ல சட்டை ஒன்றை மடித்துச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தான். உள்ளே வரவில்லை. போலீஸ் இருக்கிற இடத்தில் தன் முகம் தெரியக் கூடாது என்று தூணுக்கு அந்தப் பக்கமாகவே நின்று எனக்குக் கை காட்டினான். பெரியப்பா அவனைப் பார்த்தார். ரைட்டரும் பார்த்தார். பிறகு பெரியப்பா என் தோளில் கை வைத்து, "அது உன் சினேகிதன்தான? உள்ள கூப்புடு" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். இருபது வயதுப் பையன், பயந்துபோயிருந்தான், பெரியவர் சொன்னதைச் செய்தான் என்று நீங்களே எனக்காக ஒரு சமாதானமும் சொல்லுவீர்கள். வேண்டாம். எனக்குப் புரிந்தது. பெரியப்பாவின் கை தோளில் பட்டபோதே புரிந்தது. ஒரு நிமிடம் யோசிக்க நேரம் இருந்தது, யோசிக்கவும் செய்தேன். யோசித்துவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

"லூர்து, உள்ள வாடா."

வந்தான். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை அழைத்துப் போவதற்குச் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்று ரைட்டர் அவனிடம் சொன்னார். அதற்கென்ன சார் என்று உட்கார்ந்துவிட்டான். பெயர், அப்பா பெயர், முகவரி சொன்னான். உயரம் கேட்டபோது கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். அங்க அடையாளம் கேட்டார்கள். அப்போது அவனுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சாட்சிக்கும் மச்சம்லாம் பாப்பாங்களா சார்?"

"இப்பலாம் அப்டித்தாம்பா" என்றார் ரைட்டர், தலையைத் தூக்காமல்.

அவன் என்னைப் பார்த்தான். நான் அவன் கொண்டுவந்த சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மேல் பொத்தான் சரியாக மாட்டவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழே இடப்பக்கம் ஒரு மச்சம் இருப்பதாக அவன் சொல்வது காதில் விழுந்தது. பிறகு மைப்பெட்டியைத் திறக்கிற சத்தம். அவன் ரேகை வைத்துக்கொண்டிருக்கும்போதே நான் பெரியப்பாவின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டேன். மற்றவர்களை இரவு எட்டு மணிக்கு ஜாமீனில் விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவனையும்தான். சட்டையை அம்மா துவைத்து மடித்து வைத்தாள், நான் திருப்பிக் கொடுக்கப் போகவில்லை.

கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், மறியல் ஜெயித்தது. மூன்று வாரத்தில் பஸ் வந்துவிட்டது. பேப்பரில் பதினாலு மாணவர்கள் கைது என்று வந்ததில் சட்டசபை வரைக்கும் பேச்சுப் போய், டிரைவர் கிடைத்துவிட்டார். ஸ்டெல்லா அந்த பஸ்ஸில்தான் பட்டம் முடித்தாள். நானும் அதில்தான் போனேன். லூர்துவும் அதில்தான் வந்தான். சம்மன் வரும்வரை, ஏதோ தவறு நடந்துவிட்டது, ரைட்டர் குழப்பிவிட்டார் என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். அதற்குப் பிறகும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் மட்டும் இடம் மாறி உட்கார்ந்தான்.

அடுத்த வருடம் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். ஓட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தான். மார்பு அளவும் சரியாக இருந்தது. எழுத்துத் தேர்விலும் பாஸ். பட்டியலில் பெயர் வந்த அன்று அவன் அப்பா ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம். பிறகு நன்னடத்தை விசாரணை. பணியில் இருந்த காவலரைத் தடுத்துத் தொப்பியைத் தட்டிவிட்ட வழக்கு நிலுவையில் இருக்கிறது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

அப்போது ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தான். வாசலில் அம்மாவிடம் அவன் பேசுவது எனக்குக் கேட்டது. நான் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம், அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்தவன் தான் இல்லை என்று. ஒரு வக்கீல் அப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வாரம்தான் கிளார்க் வேலைக்குத் தேர்வான கடிதம் வந்திருந்தது. எனக்கும் விசாரணைக்கு ஆள் வர வேண்டியிருந்தது. நான் நெல் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இல்லை என்று சொல்லும்படி அம்மாவுக்குக் கை காட்டினேன். "அவன் வூட்ல இல்லியேப்பா" என்றாள் அம்மா. வாசலில் என் செருப்பு கிடந்தது. அவன் அதைத் தாண்டிக்கொண்டு போனான்.

எனக்கு விசாரணைக்கு வந்தவர் யார் தெரியுமா? டைரி அண்ணன். காப்பி குடித்தார். சர்க்கரை கம்மி. "தம்பி, உன் பேருக்கு ஸ்பெல்லிங் கேக்கவே தேவயில்ல எனக்கு" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். எந்த வழக்கும் இல்லை, நன்னடத்தை உள்ளவர். அந்தக் காகிதத்தின் பேரில்தான் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன், அந்தச் சம்பளத்தில்தான் கல்யாணம், வீடு, என் மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம்.

லூர்துவின் வழக்கு ஒன்பது வருடம் நடந்தது. சாட்சி வரவில்லை, அதிகாரி மாறிவிட்டார், வாய்தா, வாய்தா. கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தள்ளிவிட்டார்கள். அதற்குள் போலீசில் சேரும் வயது கடந்துவிட்டது. இப்போது ஒரு குட்டியானை வண்டி வைத்து அரியூர், வில்லியனூர்ப் பக்கம் லோடு அடிக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், இரண்டு பெண் பிள்ளைகள். அவன் நன்றாக இருக்கிறான் என்று நான் சொல்லிக்கொள்வது யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

கரிக்கலாம்பாக்கத்துச் சாலையை இப்போது பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அகலப்படுத்திவிட்டார்கள். ஒரே தார், ஒரே கறுப்பு. கழனியெல்லாம் மனைப்பிரிவு, கலர் கொடி. சர்வேயர் காட்டிய கல் எந்த மனைக்குள் போயிற்றோ. ஏழே முக்கால் பஸ் எப்போதோ நின்றுபோய்விட்டது, பிள்ளைகள் ஸ்கூட்டியில் போகிறார்கள். ஆர்ப்பாட்டம் செய்ய வேண்டுமானால் மூன்று நாள் முன்னால் மனு கொடுக்க வேண்டும், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், தடுப்புக்கு உள்ளே, பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை. குறிப்பேட்டில் எழுத யாரும் வருவதில்லை, கேமரா எழுதிக்கொள்கிறது. ஸ்பெல்லிங் கேட்பதும் இல்லை. போன வருடம் அலுவலக ஜன்னல் வழியாக ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். இருபது பிள்ளைகள், அறுபது போலீஸ். ஒரு பையனை இழுத்தபோது பக்கத்தில் இருந்தவன் செல்போனில் படம் எடுத்தான், கையைப் பிடிக்கவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜன்னலைச் சாத்திவிட்டு ஃபைலைப் பார்த்தேன்.

இரண்டு மாதம் முன்பு வில்லியனூரில் டீக்கடை ஒன்றில் லூர்துவைப் பார்த்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றிருந்தான். முடி நரைத்துவிட்டது, முதுகு மட்டும் ஓட்டக்காரன் முதுகு. இத்தனை வருடமும் எங்காவது பார்த்தால் நான் தெரு மாறிப் போய்விடுவேன். அன்றைக்கு என்னவோ, போய்ப் பக்கத்தில் நின்றேன். டீ சொன்னேன், வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டான். அன்னைக்கு நான் உன்னை உள்ளே கூப்பிட்டது தெரிந்துதான் கூப்பிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அந்த ரைட்டர் கைய காட்டி ரெண்டு தபா கூப்ட்டாருடா அதுக்கு முன்னாடி. நான் தூணாண்டயே நின்னுகினு இருந்தன். போலீஸ் கூப்ட்டா போவக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றான். "நீ கூப்ட்ட. அதான் வந்தன்."

வண்டியில் ஏறிப் போய்விட்டான். நான் டீக்குக் காசு கொடுத்தேன். எனக்கு இன்றைக்கு நூறு பேரைத் தெரியும். அலுவலகத்தில் வணக்கம் வைக்கிறார்கள், வீட்டு விசேஷத்துக்கு வருகிறார்கள். கூப்பிட்டால் எல்லோரும் என்ன விஷயம் என்று கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். கேட்காமல் வந்தவன் ஒருவன் இருந்தான்.